ஓர் அணாவும் ஒரு தீர்மானமும்
(சர் பிட்டி தியாகராயர் வாழ்க்கை வரலாறு)

பாடத்திற்குள் செல்லும் முன்

ஆந்திரப் பிரதேசத்தின் திருப்பதி மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, ஆரணியாற்றின் கரையில் அமைந்துள்ள ஊர் பிச்சாட்டூர். இவ்வூரிலும் இதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் தமிழும் தெலுங்கும் அடுத்தடுத்த வீடுகளில் வழங்கும் மொழிகளாகும். அருகிலுள்ள நகரி, புத்தூர், நாராயணவனம் ஆகிய ஊர்கள் நெசவுத் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. இத்தகைய ஊர்களில் கிராமசபை கூடும்போது எம்மொழி பேசுவோராயினும் அவர்களுக்குரிய சிக்கல்கள் ஒன்றே. குடிநீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, கால்வாய் அடைத்துக்கொண்டது, பள்ளிக்குச் சுற்றுச்சுவர் இல்லை, பிள்ளைகளின் மதிய உணவு சரியாக வழங்கப்படவில்லை என்பன போன்ற செய்திகளே எந்த ஊர்க் கூட்டத்திலும் பேசப்படுகின்றன.

இவற்றுள் பள்ளி மதிய உணவு ஒரு காலத்தில் எந்த ஊரிலும் பேசப்படாத செய்தியாக இருந்தது. அஃது அரசின் கடமை என்று எவரும் எண்ணியதில்லை. அதனை ஒரு நகர மன்றத்தின் கூட்டத்திற்குக் கொண்டுவந்து, தீர்மானமாக நிறைவேறச் செய்தவர் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டு, தமிழ்நாட்டின் தலைநகரில் வாழ்ந்த ஒரு நெசவுத் தொழில் முனைவர். அவரே சர் பிட்டி தியாகராயர்.

பிறப்பும் கல்வியும்

தியாகராயர் 1852-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள், அந்நாளைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த ஏகாத்தூரில் பிறந்தார். நெசவையும் துணி வணிகத்தையும் வழிவழியாகச் செய்துவந்த தேவாங்கர் குடும்பம் அவருடையது. செல்வத்திற்குக் குறைவில்லை. எனினும் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பலர் கணக்கு எழுதக் கற்றதோடு கல்வியை நிறுத்திக்கொண்ட அக்காலத்தில், அவர் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1876-இல் பட்டம் பெற்றார்.

படித்த இளைஞர்கள் அரசு அலுவலை நாடிச் சென்ற காலம் அது. தியாகராயரோ குடும்பத் தொழிலுக்கே திரும்பினார். வடசென்னையில் உள்ள வண்ணாரப்பேட்டையில் தறிகளை நிறுவி, நெசவாலை ஒன்றை நடத்தினார். நெசவாளர் கையால் நாடாவை எறிந்து நெய்த பழைய முறைக்கு மாற்றாக, கயிற்றை இழுத்தவுடன் நாடா விரைந்து பாயும் புதுமுறைத் தறிகளைப் பயன்படுத்தினார். இதனால் ஒரு நாளில் நெய்யப்படும் துணியின் அளவு கூடியது. தென்னிந்திய வணிகர்கள் ஒன்றுகூடி 1909-இல் வணிகர் சங்கத்தை நிறுவியபோது, அதன் முன்னோடிகளுள் ஒருவராகவும் விளங்கினார். எப்போதும் தூய வெண்ணிற ஆடையே அணிந்தமையால், மக்கள் அவரை வெள்ளுடை வேந்தர் என்று அழைத்தனர்.

மன்றத்தில் நாற்பது ஆண்டுகள்

சென்னை மாநகராட்சி 1688-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. இந்தியாவின் மிகப் பழைமையான மாநகராட்சி அதுவே. ஆனால் அதன் ஆட்சி நெடுங்காலம் ஆங்கிலேய அதிகாரிகளின் கையிலேயே இருந்தது. 1882-இல் அரசப் பிரதிநிதியாக இருந்த ரிப்பன் பிரபு, ஊராட்சிகளிலும் நகராட்சிகளிலும் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுவோர் மிகுதியாக இடம்பெற வேண்டும் என்னும் கொள்கையை வெளியிட்டார். ஊரின் தேவைகளை அவ்வூராரே கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டும் என்பது அக்கொள்கையின் அடிப்படை. அதே ஆண்டில் தியாகராயர் சென்னை மாநகராட்சி மன்றத்தின் உறுப்பினரானார். அப்போது அவருக்கு வயது முப்பது.

அன்றுதொட்டு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அவர் அம்மன்றத்தில் பணியாற்றினார். தொடக்கத்தில் மன்றம் ஜார்ஜ் டவுனில் உள்ள எர்ரபாலு செட்டித் தெருவில் கூடியது. பின்னர் 1913-இல் திறக்கப்பட்ட வெண்ணிற மாளிகைக்கு மாறியது. அம்மாளிகைக்கு ரிப்பன் பிரபுவின் பெயரே சூட்டப்பட்டது.

நகர மன்றக் கூட்டம் என்பது பெரும்பாலும் ஆரவாரமற்ற ஒன்று. நிகழ்ச்சி நிரலில் உள்ள பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒரு தெருவுக்குக் குழாய் அமைப்பது, ஒரு சாக்கடையை மூடுவது, ஒரு சந்தைக்குக் கூரை வேய்வது, குப்பை வண்டிகளுக்கு மாடுகள் வாங்குவது என்பன போன்றவையே அப்பொருள்கள். உறுப்பினர்கள் அவற்றை ஆராய்வர், மறுப்பர், திருத்துவர், இறுதியில் வாக்களிப்பர். முடிவு தீர்மானமாக எழுதப்பட்டு, நடவடிக்கைக் குறிப்பேட்டில் இடம்பெறும். அதன் பின்னரே பொதுப் பணத்திலிருந்து ஒரு காசாயினும் எடுக்க இயலும். இத்தகைய பொறுமை வேண்டும் பணியில் ஒருவர் நாற்பது ஆண்டுகள் நிலைத்திருப்பது அரிது.

மன்றத்தில் கருத்து வேறுபாடு தோன்றுவது இயல்பு. மருத்துவர் டி. எம். நாயர் என்பவரும் அம்மன்றத்தின் உறுப்பினராக இருந்தார். அவரும் தியாகராயரும் பலமுறை எதிரெதிர் நிலையில் நின்று வாதிட்டனர். எனினும் மருத்துவர் நடேசனாரின் முயற்சியால் அவ்விருவரும் ஒன்றுசேர்ந்தனர். 1916-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் இம்மூவரும் பிறரும் கூடித் தொடங்கிய இயக்கமே, பின்னர் நீதிக்கட்சி எனப் பெயர் பெற்றது. கூட்டத்தில் மாறுபட்டுப் பேசுவோர் பகைவர் ஆக வேண்டியதில்லை என்பதற்கு அவர்களுடைய நட்பு ஒரு சான்றாகும்.

பெரிய பதவியும் சிறிய மன்றமும்

1919-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சிக்குப் புதிய சட்டம் இயற்றப்பட்டது. மன்றத் தலைவரை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கும் முறை அதனால் வந்தது. அரசு அதிகாரி அல்லாத ஒருவர் முதன்முறையாக மாநகராட்சித் தலைவரானார். அவர் தியாகராயர்.

1920-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை மாகாணச் சட்டமன்றத்திற்குத் தேர்தல் நடைபெற்றது. நீதிக்கட்சி வெற்றி பெற்றது. ஆளுநர் வெலிங்டன் பிரபு, மாகாணத்தின் முதலமைச்சராகப் பொறுப்பேற்குமாறு தியாகராயரை அழைத்தார். அவர் அப்பதவியை ஏற்கவில்லை. சுப்பராயலு ரெட்டியார் முதலமைச்சரானார். அவரையடுத்து 1921-இல் அப்பதவிக்கு வந்த பனகல் அரசர், இன்றைய திருப்பதி மாவட்டத்தில் அடங்கிய திருக்காளத்தியில் பிறந்தவர். மாகாணத்தின் உள்ளாட்சித் துறை அவருடைய பொறுப்பில் இருந்தது.

மாகாணம் முழுவதையும் ஆளும் வாய்ப்பு வந்தபோதும் அதனை ஏற்காத தியாகராயர், தெருவிளக்கையும் குழாய்நீரையும் பற்றிப் பேசும் நகர மன்றத்தில் தொடர்ந்து பணியாற்றினார். அவருடைய பெயரை நிலைநிறுத்திய செயலும் அம்மன்றத்திலேயே நிகழ்ந்தது.

ஆயிரம் விளக்குப் பள்ளி

அக்காலத்தில் மாநகராட்சி தொடக்கப் பள்ளிகள் சிலவற்றை நடத்திவந்தது. அவற்றில் கட்டணத்தைக் காட்டிலும் பெரிய தடை ஒன்று இருந்தது. அது பசி. கூலி வேலை செய்யும் பெற்றோர் விடியலில் வீட்டை விட்டுப் புறப்பட்டுவிடுவர். பிள்ளைகளுள் பலர் வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வருவர்; நண்பகலில் உண்ண ஏதுமின்றி வீடு திரும்புவர்; சிலர் மீண்டும் வகுப்புக்கு வரமாட்டார்கள். வேறு சிலர் ஒரு வேளைச் சோற்றுக்காகச் சிறு வேலைகளுக்குச் சென்றுவிடுவர். பெயர்ப் பதிவேட்டில் பெயர் இருக்கும். பலகையில் பிள்ளை இருக்கமாட்டான்.

ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியின் நிலையும் இதுவே. அங்குப் பயின்றோர் ஏழைப் பிள்ளைகள். அவர்களுடைய வறுமை பள்ளியின் மாணவர் எண்ணிக்கையைப் பெரிதும் குறைக்கிறது என்பதைத் தியாகராயர் மன்றத்தில் எடுத்துரைத்தார். 1920-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள், அப்பள்ளி மாணவர்களுக்குச் சிற்றுண்டி வழங்க மன்றம் ஒப்புதல் அளித்தது. ஒரு மாணவனுக்கு ஒரு நாளைக்கு ஆகும் செலவு ஓர் அணாவுக்கு மேற்படலாகாது என்பது அத்தீர்மானத்தின் வரம்பு.

பதினாறு அணாக்கள் சேர்ந்தது ஒரு ரூபாய். எனவே ஒரு ரூபாயில் பதினாறு பிள்ளைகளின் பசி ஒரு நாளைக்குத் தீர்ந்தது.

தியாகராயர் செல்வர். தம் கைப்பொருளைக் கொண்டே அப்பிள்ளைகளுக்கு அவர் உணவளித்திருக்கலாம். அன்னதானம் இந்நாட்டுக்குப் புதிதன்று; கோயில்களிலும் சத்திரங்களிலும் நெடுங்காலமாக நடைபெற்றுவந்த அறம் அது. ஆயினும் தானம் கொடுப்பவரின் விருப்பத்தைச் சார்ந்தது. அவர் மனம் மாறினால் நின்றுவிடும். அவர் மறைந்தால் மறைந்துவிடும். நகர மன்றத்தின் தீர்மானமோ அத்தகையதன்று. அது நகரத்தார் அனைவரின் வரிப்பணத்திலிருந்து செய்யப்படும் செலவு. கணக்கில் எழுதப்படுவது, ஆண்டுதோறும் கேள்விக்கு உட்படுவது. உணவு பெறும் பிள்ளை எவருக்கும் நன்றிக்கடன் பட்டவன் அல்லன். அவனுக்கு அஃது உரிமையாகிறது.

இன்னொன்றையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும். சொத்தும் வரியும் உடையோர்க்கே வாக்குரிமை இருந்த காலம் அது. ஆயிரம் விளக்குப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரைப் போன்ற ஏழைகளுள் பெரும்பாலோர்க்கு அம்மன்றத்தின் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. வாக்குப் பெற இயலாத மக்களுக்காக அத்தீர்மானம் கொண்டுவரப்பட்டது.

வளர்ச்சியும் தடையும்

இத்திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிவுபடுத்தப்பட்டது. அதன் பயனை எண்களே காட்டின. 1922-23-ஆம் ஆண்டில் அவ்வைந்து பள்ளிகளிலும் பயின்ற மாணவர்கள் 811 பேர். 1924-25-இல் அவ்வெண்ணிக்கை 1671 ஆக உயர்ந்தது. இரண்டே ஆண்டுகளில் மாணவர் தொகை இரு மடங்குக்கு மேல் பெருகியது. சோறு கிடைத்த இடத்திற்குக் கல்வியை நாடிப் பிள்ளைகள் வந்தனர்.

ஆனால் மன்றத்தின் முடிவு ஒன்றே போதுமானதாக இல்லை. இச்செலவு தொடக்கக் கல்விக்கென ஒதுக்கப்பட்ட நிதியிலிருந்து செய்யப்பட்டுவந்தது. அந்நிதியை உணவுக்குச் செலவிடலாகாது என்று ஆங்கில அரசு தடுத்தது. கல்வி என்பது ஆசிரியரும் புத்தகமும் கட்டடமும் மட்டுமே என்று அவ்வரசு கருதியது போலும். பசித்த பிள்ளைக்கு உணவும் கல்வியின் ஒரு பகுதியே என்னும் உண்மையை அதன் கணக்கேடு ஏற்றுக்கொள்ளவில்லை. 1925-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் திட்டம் நிறுத்தப்பட்டது.

அதே திங்கள் 28-ஆம் நாள், தம் 73-ஆம் பிறந்தநாளுக்கு மறுநாள், தியாகராயர் இயற்கை எய்தினார். தாம் தொடங்கிவைத்த பணி நின்றுபோன நிலையிலேயே அவர் மறைந்தார்.

உள்ளாட்சி பற்றிக் கற்போர் இந்நிகழ்ச்சியைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஊர் மன்றத்திற்கு முடிவெடுக்கும் உரிமை இருந்தாலும், நிதியின் திறவுகோல் மற்றொருவர் கையில் இருந்தால் அம்முடிவு நிலைபெறாது. இன்றும் கிராமசபையில் எழுப்பப்படும் கோரிக்கைகள் பல நிறைவேறாமல் நிற்பதற்கு நிதிப் பற்றாக்குறையே காரணமாகக் கூறப்படுகிறது. 1992-இல் இயற்றப்பட்டு 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சிகளுக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. அவற்றுக்குரிய நிதியைப் பற்றிப் பரிந்துரைக்க மாநில நிதி ஆணையம் அமைக்கப்பட வேண்டும் என்பதையும் அத்திருத்தம் வலியுறுத்தியது.

மீண்டும் முளைத்த விதை

நிறுத்தப்பட்ட திட்டம் மறக்கப்படவில்லை. மாணவர் வருகை குறைவதைக் கண்ட மாநகராட்சி, பின்னர் ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும் சிறிய அளவில் உணவு வழங்க முற்பட்டது. முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1956-இல் முதலமைச்சர் காமராசர் மதிய உணவுத் திட்டத்தை மாநிலம் முழுவதற்கும் உரியதாக்கினார். 1982-இல் முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன் அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2001-இல் உச்ச நீதிமன்றம், அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளுக்குச் சமைத்த உணவு வழங்க வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. 2022-இல் தமிழ்நாட்டில் காலை உணவுத் திட்டமும் தொடங்கப்பெற்றது.

இன்று பிச்சாட்டூரின் அரசுப் பள்ளியில் தட்டேந்தி வரிசையில் நிற்கும் தெலுங்குப் பிள்ளையும், அதன் பின்னே நிற்கும் தமிழ்ப் பிள்ளையும் உண்பது அந்நீண்ட வழியில் வந்த உணவே. அவ்வழியின் தொடக்கத்தில் ஓர் அணாவும், ஒரு நாள் கூட்டமும், ஒரு தீர்மானமும் நிற்கின்றன.

சென்னையில் தியாகராயருக்கு நினைவுச் சின்னங்கள் பல உண்டு. ரிப்பன் மாளிகையின் வளாகத்தில் அவருடைய சிலை உள்ளது. வண்ணாரப்பேட்டையில் அவர் பெயரால் ஒரு கல்லூரி விளங்குகிறது. 1920-களில் மாம்பலத்தில் உருவாக்கப்பட்ட குடியிருப்புக்குத் தியாகராய நகர் என்று பெயரிடப்பட்டது. மக்கள் அதனைச் சுருக்கித் தி. நகர் என்று வழங்குகின்றனர். துணி வாங்க அங்குத் திரளும் மக்களுள் பலர், அப்பெயருக்குரியவர் ஒரு நெசவுத் தொழில் முனைவர் என்பதை அறியார். பள்ளியில் உண்ணும் பிள்ளைகளுள் பலரும் அவரை அறியார். எனினும் பிள்ளைகளின் பசி தணிகிறது. அவர் விரும்பியது அதுவே.

---

சொற்பொருள்

அணா – ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு மதிப்புள்ள பழைய நாணயம்
சிற்றுண்டி – சிறிய அளவிலான உணவு
தீர்மானம் – கூட்டத்தில் கூடி எடுத்த முடிவு
நடவடிக்கைக் குறிப்பேடு – கூட்டத்தில் நிகழ்ந்தவற்றை எழுதிவைக்கும் ஏடு
நாடா – தறியில் குறுக்கிழையைக் கொண்டுசெல்லும் கருவி
நிகழ்ச்சி நிரல் – கூட்டத்தில் பேசவேண்டிய பொருள்களின் வரிசை
வரம்பு – எல்லை

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. தியாகராயர் மாநகராட்சி உறுப்பினரான ஆண்டின் சிறப்பு யாது?
2. மக்கள் அவரை வெள்ளுடை வேந்தர் என்று அழைத்தது ஏன்?
3. ஆயிரம் விளக்குப் பள்ளியில் மாணவர் எண்ணிக்கை குறைந்தமைக்குக் காரணம் யாது?

ஆ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.
1. தானத்திற்கும் மன்றத் தீர்மானத்திற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
2. 1925-இல் திட்டம் நின்றதிலிருந்து உள்ளாட்சி பற்றி நாம் அறிவது யாது?

இ. கணக்கிடுக.
ஒரு பள்ளியில் 160 மாணவர்கள் உள்ளனர். ஒரு மாணவனுக்கு நாளொன்றுக்கு ஓர் அணா எனில், 20 நாள்களுக்கு ஆகும் செலவு எத்தனை ரூபாய்?

ஈ. பிரித்து எழுதுக.
வெண்ணிறம், சிற்றுண்டி, நண்பகல், அவ்வைந்து

உ. செயல்பாடு
வகுப்பறையை ஒரு கிராமசபையாக அமைத்துக்கொள்க. தலைவர் ஒருவரையும், குறிப்பேடு எழுதுபவர் ஒருவரையும் தேர்ந்தெடுக்க. நீங்கள் வாழும் பகுதியின் சிக்கல்கள் மூன்றனை நிகழ்ச்சி நிரலில் சேர்க்க. ஒவ்வொன்றிற்கும் ஆகும் செலவையும் அதற்குரிய நிதி வரும் வழியையும் விவாதித்து, வாக்கெடுப்பு நடத்தித் தீர்மானத்தைத் தமிழில் எழுதுக. எதிர்த்துப் பேசியவரின் கருத்தையும் குறிப்பேட்டில் தவறாது பதிவு செய்க.